வென்றவர் ஏடும் மண்ணுக்குள் கிடந்த காசும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் சியோல்வுல்ப் என்றொரு மன்னன் ஆட்சி செய்தான். மேர்சியா என்பது அவனுடைய இராச்சியத்தின் பெயர். அப்பெயரில் ஏற்கெனவே ஒரு மன்னன் இருந்ததால் வரலாற்றாசிரியர்கள் இவனை இரண்டாம் சியோல்வுல்ப் என்பர். இவனைப்பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் பெரும்பகுதி இகழ்ச்சியே. புத்தி குறைந்தவன், வைக்கிங் படையினர் தமது வசதிக்காக ஆசனத்தில் ஏற்றிவைத்தவன், அவர்கள் கேட்கும் நாளில் நாட்டைத் திருப்பிக் கொடுப்பதாகச் சத்தியம் செய்து பிணையாட்களையும் ஒப்படைத்தவன் என்ற கருத்துப்படவே ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேடு அவனைப் பதிவு செய்திருக்கிறது.

அந்தக் குறிப்பேடு எப்போது, யாருடைய நிழலில் தொகுக்கப்பட்டது என்பதே இங்கு கேட்கவேண்டிய கேள்வி. அது 890களின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்டது. அப்போது சியோல்வுல்ப் உயிருடன் இல்லை. அவனது இராச்சியத்தின் மேற்குப்பகுதி, அயலிலிருந்த வெசெக்ஸ் மன்னன் அல்பிரட்டின் மேலாதிக்கத்தின் கீழ் வந்துவிட்டது. இன்று "மாமன்னர் அல்பிரட்" என்று பாடநூல்கள் போற்றுகின்ற அதே அல்பிரட்தான். குறிப்பேட்டைத் தொகுத்தவர்கள் அவனது அரசவையைச் சார்ந்தவர்கள் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 893 ஆம் ஆண்டில் அல்பிரட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அஸர் என்ற துறவியும் அதே குறிப்பேட்டின் வழியிலேயே சென்றார். இவ்வாறாக, தோற்றவனைப்பற்றி வென்றவனின் எழுத்தர்கள் எழுதிய சில வரிகளே சரித்திரமாகி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நின்று நிலைத்தன.

இந்த வரிகளை மறுத்துப் பேசுவதற்கு ஒரு சாட்சி மண்ணுக்குள் கிடந்தது. ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் விட்டமும் ஒன்றரைக் கிராமுக்கு உட்பட்ட எடையும் உடைய ஒரு வெள்ளிக்காசு அது.

காசின் ஒரு புறத்தில் மன்னனின் தலையும் பெயரும் இருக்கின்றன. மறுபுறத்தில் இரண்டு பேரரசர்கள் அருகருகே சமமாக அமர்ந்திருக்க, அவர்களுக்கு மேலே சிறகு விரித்த வெற்றித் தேவதை நிற்கிறாள். நாணயம் அடித்தவரின் பெயரும் அப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 4 ஆம் நூற்றாண்டின் உரோமப் பொற்காசு ஒன்றைப் பார்த்துச் செய்யப்பட்ட வடிவம் இது. இதனாலேயே நாணயவியலாளர்கள் இதனை "இரு பேரரசர்" வகை என்று அழைக்கின்றனர். வியப்புக்குரியது என்னவெனில், இந்த வகைக் காசு அல்பிரட்டின் பெயரிலும் இருக்கிறது, சியோல்வுல்ப்பின் பெயரிலும் இருக்கிறது என்பதே. ஒரே காலத்தில், ஒரே வடிவத்தில், இரண்டு மன்னர்களின் பெயரால் வெளியான பணம் இது. அடிமை ஒருவனுடனோ பகைவனின் பொம்மை ஒருவனுடனோ எந்த மன்னனும் இவ்வாறு சரியாசனம் பகிர்ந்துகொள்வதில்லை.

2015 ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்த வகைக் காசுகள் இரண்டே இரண்டுதான் அறியப்பட்டிருந்தன. ஒன்று அல்பிரட்டின் பெயரில் அமைந்தது, மற்றையது சியோல்வுல்ப்பின் பெயரில் அமைந்தது. இரண்டே காசுகளை வைத்துக்கொண்டு வழக்கை மீள விசாரிக்க முடியாது. ஏதோவொரு சிறப்பு நிகழ்வுக்காகச் சிறுதொகையாக அடிக்கப்பட்டவையாக இருக்கலாம் என்று சொல்லி ஒதுக்கிவிட இடமிருந்தது. 2015 ஆம் ஆண்டு அந்த இடத்தை இல்லாமற் செய்தது. அவ்வாண்டில் சில மாத இடைவெளியில் இங்கிலாந்தின் இரு வேறு வயல்களிலிருந்து இக்காசுகள் வெளிவந்தன. ஒரு வயலில் அவற்றைக் கண்டெடுத்தவர் நேர்மையாக நடந்துகொண்டார். மற்றைய வயலில் கண்டெடுத்தவர்கள் அவ்வாறு நடக்கவில்லை. இக்கட்டுரையின் நோக்கம் அந்த வேறுபாட்டைப் பேசுவதுதான்.

முதலில் நேர்மையின் கதை. 2015 ஒக்டோபரில், ஒக்ஸ்போர்ட்ஷயரிலுள்ள வாட்லிங்டன் என்ற சிற்றூருக்கு அண்மையில், ஓய்வுபெற்ற ஒருவர் உலோகம் கண்டறியும் கருவியுடன் வயலில் நடந்துகொண்டிருந்தார். பொழுதுபோக்காக இதனைச் செய்பவர்கள் அந்நாட்டில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். தாம் கண்டது புதையல் என்று உணர்ந்ததும் அவர் எல்லாவற்றையும் தோண்டி அள்ளிச் செல்லவில்லை. கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் அலுவலருக்கு அறிவித்தார். தொல்லியலாளர்கள் வந்து புதையலை மண்ணோடு மண்ணாக ஒரே கட்டியாக வெட்டி எடுத்து இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலைக்குக் கொண்டு சென்றனர். அங்கே கதிர்ப்படம் எடுத்துப் பார்த்து, அங்குலம் அங்குலமாக மண்ணை அகற்றினர். 186 காசுகள், 7 அணிகலன்கள், 15 வெள்ளிக்கட்டிகள் கிடைத்தன. காசுகளில் 13 "இரு பேரரசர்" வகையைச் சேர்ந்தவை.

இரண்டு என்ற எண்ணிக்கை ஒரே நாளில் பதினைந்தாகியது. அதற்கும் மேலாக, அதே புதையலில் சிலுவையும் சாய்சதுரமும் பொறித்த மற்றொரு வகைக் காசும் இரு மன்னர்களின் பெயரிலும் கிடைத்தது. ஆகவே இருவரும் ஏதோ ஒரு நாளில் கைகுலுக்கிப் பிரிந்தவர்கள் அல்லர், சில ஆண்டுகளேனும் தமது நாணயத்தை ஒருங்கிணைத்து நடத்தியவர்கள் என்பது தெளிவாயிற்று. பிரித்தானிய நூதனசாலையில் அப்போது பணியாற்றிய நாணயவியல் அறிஞர் கரெத் வில்லியம்ஸ் உள்ளிட்டோர் இதனை விரிவாக எடுத்துக்காட்டினர்.

அந்த ஒருங்கிணைப்பு சாதாரண காரியம் அல்ல. அதற்கு முந்திய ஆண்டுகளில் இவ்விரு இராச்சியங்களின் காசுகளிலும் வெள்ளி மிகக் குறைந்து, பெயருக்கு மட்டும் வெள்ளிக்காசாக இருந்தன. 870களின் நடுப்பகுதியில் அந்த நிலை மாற்றப்பட்டு, மீண்டும் நல்ல வெள்ளியில் காசுகள் அடிக்கப்பட்டன. ஒரு நாட்டின் பணத்தைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதை நமது காலத்தில் வாழ்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புத்தி குறைந்தவன் என்று ஏட்டில் எழுதப்பட்டவன் அந்தத் திருத்தத்தில் பங்காளியாக இருந்திருக்கிறான்.

வாட்லிங்டன் புதையலின் மண்ணும் சிலவற்றைச் சொல்லியது. காசுகளோடு வைக்கிங் பாணி வெள்ளிக்காப்புகளும் உருக்கிய கட்டிகளும் சேர்ந்திருந்ததால், அதனைப் புதைத்தவன் வைக்கிங் படையைச் சேர்ந்தவனாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. 878 ஆம் ஆண்டில் எடிங்டன் சமரில் அல்பிரட்டிடம் தோற்ற அப்படை, பின்னர் கிழக்கு அங்கிலியாவை நோக்கி நகர்ந்தது. அந்தக் குழப்பமான நாட்களுடன் இந்தப் புதையலைப் பொருத்திப் பார்க்க முடிகிறது. பழைய இக்நீல்ட் பாதைக்கு அண்மையில் வாட்லிங்டன் அமைந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. எந்தக் காசு எதனோடு கிடந்தது, எந்த இடத்தில் கிடந்தது என்ற விபரம் இருந்ததனாலேயே இவ்வளவையும் சொல்ல முடிந்தது.

2017 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட்டிலுள்ள அஷ்மோலியன் நூதனசாலை 13 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்கள் கொடுத்து அப்புதையலை வாங்கியது. தேசிய லொத்தர் நிதியின் பெரும் உதவியுடன் பொதுமக்களின் நன்கொடையும் அதில் சேர்ந்தது. இன்று எவரும் சென்று அதனைப் பார்க்கலாம்.

இனி மற்றைய கதை. அதே 2015 ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், வேல்ஸ் எல்லையை அண்டிய ஹெரிபோர்ட்ஷயரில், லெம்ஸ்டர் என்ற ஊருக்கு அருகே இருவர் அதேபோன்ற கருவிகளுடன் ஒரு வயலில் இறங்கினர். அவர்களுக்குக் கிடைத்ததும் வைக்கிங் காலத்துப் புதையலே. பொன் மோதிரம், பாம்புத்தலை பொருந்திய பொற்காப்பு, பொன்னால் கட்டிய பளிங்கு உருண்டை, வெள்ளிக்கட்டி ஆகியவற்றுடன் சுமார் 300 காசுகளும் இருந்ததாகக் கருதப்படுகிறது. அவர்கள் அதனை அறிவிக்கவில்லை. காசுகளை வியாபாரிகளுக்குக் காட்டி, கைமாற்றத் தொடங்கினர். புதையலை வயலில் வைத்து எடுத்த ஒளிப்படங்களைக் கைத்தொலைபேசியிலிருந்து அழித்திருந்தனர். பொலிஸார் அவற்றை மீட்டெடுத்தனர்.

2019 நவம்பரில் வூஸ்டர் நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகளாகக் கண்டு, ஒருவருக்கு 10 ஆண்டுகளும் மற்றவருக்கு எட்டரை ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அந்தக் காலம் பின்னர் குறைக்கப்பட்டது. விற்பனைக்கு உதவியவர்களும் தண்டிக்கப்பட்டனர். புதையலின் பெறுமதி 30 இலட்சம் பவுண்களிலிருந்து ஒரு கோடியே 20 இலட்சம் பவுண்கள் வரை இருக்கலாம் என்று கூறப்பட்டது. மீட்கப்பட்டவையோ, அணிகலன்களும் வெள்ளிக்கட்டியும் சுமார் 30 காசுகளும் மட்டுமே. 2023 ஆம் ஆண்டில் டர்ஹம் நீதிமன்றத்தில் வேறு இருவர், அல்பிரட், சியோல்வுல்ப் ஆகியோரின் காசுகள் உட்பட 44 காசுகளை விற்க முனைந்த குற்றத்திற்காக ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றனர். எஞ்சியவை இன்று யாருடைய இழுப்பறையில் இருக்கின்றனவோ!

இங்கே இழப்பு என்பது எது? பத்திரிகைகள் பெரும்பாலும் பவுண்களையே எண்ணின. "கோடிப் பெறுமதியான புதையல்" என்பதுதான் தலைப்பு. நான் பல ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்பதால் அந்தத் தலைப்பின் கவர்ச்சியை அறிவேன். இலக்கங்கள் வாசகரை இழுக்கும். ஆனால் தொலைந்து போன காசுகளின் சந்தை விலை உண்மையான இழப்பு அல்ல. வெள்ளி எங்கேயோ வெள்ளியாக இருக்கத்தான் போகிறது. தொலைந்தது, அவை எந்த வரிசையில், எதனோடு, எத்தனையாகக் கிடந்தன என்ற செய்தி. முந்நூறு காசுகளில் எத்தனை அல்பிரட்டினுடையவை, எத்தனை சியோல்வுல்ப்பினுடையவை, அவற்றை அடித்தவர்கள் எவரெவர் என்று முழுமையாக எண்ணியிருந்தால், அவ்விரு மன்னர்களின் உறவு எவ்வளவு காலம் நீடித்தது, எப்போது முறிந்தது என்பதை மேலும் நெருங்கியிருக்கலாம். சியோல்வுல்ப்பின் பெயர் 879 ஆம் ஆண்டளவில் மறைந்து போகிறது. எவ்வாறு மறைந்தது என்று எந்த ஏடும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கலைக்கக்கூடிய சாட்சிகளைத்தான் அவ்விருவரும் துண்டு துண்டாக விற்றனர். ஏட்டில் ஒரு தடவை மௌனமாக்கப்பட்ட மனிதன், வயலில் இரண்டாவது தடவையாக மௌனமாக்கப்பட்டான்.

காசு கிடந்த இடம் எவ்வளவு பேசும் என்பதற்கு நமது யாழ்ப்பாணத்திலும் ஓர் உதாரணம் உண்டு. ஒரு புறம் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழ் "சேது" என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்த காசுகளைப் பலர் அறிந்திருப்பர். அவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டன. அச்சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பிழையான ஊகம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அவை பெருமளவில் கிடைத்தது இலங்கையின் வடபகுதியிலேயே. முதலியார் இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் முதலானோர் அவை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகள் என்று நிலைநாட்டியபோது, கிடைத்த இடமும் அவர்களுக்கு ஒரு வலுவான ஆதாரமாக நின்றது. இடம் தெரியாத சேதுக்காசுகள் மட்டுமே நம்மிடம் இருந்திருந்தால், ஓர் அரசு தன் கையால் அடித்த காசையே இழந்திருக்கும்.

எழுத்தைவிடக் காசு மேலான சாட்சி என்று நான் சொல்ல வரவில்லை. காசும் ஆட்சியாளரின் பேச்சுத்தான். நாட்டின் ஒவ்வொருவர் கையிலும் போய்ச் சேருகின்ற அரச அறிக்கை என்று அதனைச் சொல்லலாம். இரண்டு பேரரசர்கள் சமமாக அமர்ந்திருக்கும் வடிவம், உண்மையில் அவர்கள் சமமாக இருந்தார்கள் என்பதற்கு நிரூபணம் ஆகாது. அப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கு நிரூபணம். ஆனால் அந்த விருப்பமே போதுமானது. பிற்காலத்தில் அல்பிரட்டின் எழுத்தர்கள் மறைக்க முனைந்தது எதனை என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. ஒரு காலத்தில் தோழனாக இருந்தவனைப் பின்னர் துரோகி என்றும் மூடன் என்றும் எழுதுவது 9 ஆம் நூற்றாண்டுடன் முடிந்துபோன வழக்கம் அல்ல.

காசுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. அதனைப் பார்த்து எழுதுபவரின் கைப்பிழை அதற்குள் நுழைவதில்லை. இதே ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டின் 883 ஆம் ஆண்டுப் பதிவில், அல்பிரட் இந்தியாவிலுள்ள புனித தோமையாருக்கும் புனித பர்த்தலோமேயுவுக்கும் காணிக்கை அனுப்பினான் என்றொரு செய்தி வருகிறது. மயிலாப்பூரைத் தோமையாரின் தலமாகக் கொள்ளும் தமிழருக்கு இது ஆர்வமூட்டும் செய்தி. ஆனால் எல்லாப் பிரதிகளிலும் "இந்தியா" இல்லை. "யூதேயா" என்று எழுதிய பிரதியும் உண்டு. எழுத்தரின் பேனா சற்று அசைந்தால் காணிக்கை மயிலாப்பூருக்குப் போகிறதா யெருசலேமுக்குப் போகிறதா என்பதே மாறிவிடுகிறது. அச்சில் அடிபட்ட காசிலோ அடித்த நாளின் எழுத்துத்தான் இன்றும் இருக்கிறது. இந்தக் காரணத்தாலேயே ஏட்டையும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டியிருக்கிறது. ஒன்றை அழித்துவிட்டால் மற்றது தனியாட்சி செய்யும்.

அப்படியானால் என்ன செய்வது? தண்டனை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்டனையால் மட்டும் வாட்லிங்டன் புதையல் காப்பாற்றப்படவில்லை. பிரித்தானியாவின் 1996 ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்கிறது. நூதனசாலை அதனை எடுத்துக்கொள்ளுமாயின், சந்தை விலைக்கு ஈடான வெகுமதி, வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நிலத்தின் உரிமையாளருக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. 1997 இல் தொடங்கிய கண்டெடுப்புப் பதிவுத் திட்டத்தின் அலுவலர்கள் மாவட்டந்தோறும் இருந்து, புதையல் அல்லாத சிறு பொருட்களையும் குறித்துக்கொள்கின்றனர். அவ்வாறு பதிவான பொருட்கள் 15 இலட்சத்தையும் தாண்டிவிட்டன. லெம்ஸ்டர் வயலில் இறங்கிய இருவரும் உரிமையாளரின் இணக்கத்துடன் தோண்டி, முறைப்படி அறிவித்திருந்தால், சிறைக்குச் செல்லாமலே பெருஞ்செல்வர்களாகியிருப்பர். பேராசை அவர்களுக்குப் பெருநட்டத்தையே தேடிக்கொடுத்தது.

நமது நாட்டில் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம், அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். ஆயினும் "புதையல் தோண்டியோர் கைது" என்ற செய்தி நமது பத்திரிகைகளில் வராத மாதம் அரிது. அத்தகைய செய்திகளை எத்தனை தடவை செம்மைப்படுத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சந்தேகநபர்கள் எத்தனை பேர், மண்வெட்டிகள் எத்தனை, பூசைப் பொருட்கள் என்ன என்பவை செய்தியில் இருக்கும். அந்தக் குழியில் என்ன கலைந்துபோனது என்பது இருக்காது. அதனைக் கேட்கும் வழக்கம் நிருபர்களிடமும் இல்லை, வாசகர்களிடமும் இல்லை. காணியில் கிணறு வெட்டும்போது பழங்காசு ஒன்றைக் காணும் ஒரு விவசாயி, அதனை அறிவித்தால் தனக்குத் தொல்லைதான் வரும் என்று நினைக்கின்ற நிலை இருக்கும்வரை, அவர் அதனை நகைக்கடைக்கே கொண்டு செல்வார். அவரைக் குற்றஞ்சாட்டுவதில் பயனில்லை. அறிவிப்பவருக்கு மதிப்பும் நியாயமான வெகுமதியும் உண்டு என்பதை அவர் நம்பும்படி செய்யவேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழங்காசு சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. இணையத்தில் ஏலத்துக்கு வரும் காசுகளை வாங்குவோர் நம்மிடையே பெருகிவருகின்றனர். சோழர் காசு, சேதுக்காசு என்று பெருமையுடன் வாங்குகின்றனர். வாங்குவதற்கு முன்னர் ஒரு கேள்வியைக் கேளுங்கள். இது எங்கே கிடைத்தது? விற்பவரிடம் பதில் இல்லையென்றால் வாங்காமல் விடுங்கள். லெம்ஸ்டர் காசுகளைத் தோண்டியவர்கள் இருவர்தான். ஆனால் கேள்வி கேட்காமல் வாங்குவதற்கு ஆட்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாதிருந்தால் அவர்கள் அவற்றை ஒளித்திருக்கமாட்டார்கள்.

தோற்றவர்களுக்குப் பொதுவாக எழுத்தர்கள் கிடைப்பதில்லை. அவர்களுடைய ஏடுகள் எரிந்துபோகும், அல்லது எழுதப்படாமலே போகும். எஞ்சுவது மண்ணுக்குள் கிடக்கும் சிறு சிறு பொருட்கள்தான். சியோல்வுல்ப் மூடனா, இல்லையா என்பது எனக்கு முக்கியமல்ல. அவனுடைய பக்கத்தை விசாரிப்பதற்கு ஒரு வாய்ப்பு எஞ்சியிருக்கிறது என்பதே முக்கியம். அந்த வாய்ப்பு ஒக்ஸ்போர்ட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஹெரிபோர்ட்ஷயரில் அதன் பெரும்பகுதி சில்லறையாகச் சிதறிப் போய்விட்டது. நமது மண்ணிலும் இவ்வாறான சாட்சிகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றின் விலையைக் கேட்பதற்கு முன்னர் அவை கிடந்த இடத்தைக் கேட்கப் பழகுவோம்.